புகைக்கு வந்த மானியம்

ஆனைப்பாறை எஸ்டேட்டில் காப்பி சீசன் என்றால் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் ஒரே புகைதான். பழத்தை உரித்துக் கழுவி எடுத்த ஈரக் கொட்டையைக் களத்தில் பரப்பிவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தால், வெயிலுக்கு முன்னால் பூஞ்சை வந்துவிடும். ஏற்காட்டு மார்கழி வெயிலைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பிக் காப்பி உரிக்க மாட்டார்கள். அதற்குத்தான் டிரையர். கொட்டகை நடுவில் ஒரு பெரிய இரும்பு உருளை, அதற்குள் காப்பிக்கொட்டை, கீழே ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவுக்கு அடுப்பு. அணையாமல் விறகு எரியும். புகைபோக்கி என்று ஒன்றும் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. பாதிப் புகையை வெளியே அனுப்பும், மீதியைக் கொட்டகைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

அந்த அடுப்புக்கு அதிகாரி சிங்கராயர். லூர்துசெல்வி அவரை முதலில் பார்த்ததே அந்த அடுப்பு வாயில்தான். வருஷம் எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, அவள் அப்போது பழம் கழுவுகிற பெண். ஐஸ் மாதிரித் தண்ணீரில் கை மரத்துப்போய், மேஸ்திரி பார்க்காத நேரமாகப் பார்த்து டிரையர் கொட்டகைக்கு ஓடிவந்து, அடுப்புக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். மற்றப் பெண்கள் வந்தால் "வேலயப் பாருங்க போங்க" என்று விரட்டுகிற மனுஷர், இவள் வந்தால் மட்டும் ஒரு கட்டையைக் கூடுதலாக உள்ளே தள்ளுவார். ஒருநாள் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, ஊதி ஊதி ஆறவைத்து, ஒன்றும் பேசாமல் அவள் உள்ளங்கையில் வைத்தார். அதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை வாயைத் திறந்து வேறு சொல்ல வேண்டுமா என்ன? மழைக்கு முன்னால் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, கல்யாணமும் முடிந்துவிட்டது.

ஆகவே அந்தப் புகை மேல் லூர்துசெல்விக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சீசன்களை இப்போது நினைத்தாலும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் அடித்த அரட்டை என்ன, சிலோன் ரேடியோவில் பாட்டு வந்தால் உருளை சுற்றுகிற சத்தத்தையும் மீறி எல்லோரும் சேர்ந்து பாடியது என்ன, காய்ந்து வருகிற கொட்டையின் வாசனையும் விறகு வாசனையும் சேலையில் ஏறிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கூடவே வந்தது என்ன. எஸ்டேட் பெண்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பங்குச் சாமியார் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்ட புகை. அவளுக்குப் புருஷனைக் கொடுத்ததும் அதுதான், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

தொண்ணூறு வாக்கில் சிங்கராயருக்கு இருமல் நிற்காமல் போயிற்று. பிறகு இளைப்பு. பிறகு படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டும். சுவரில் ஒரு சாக்கு மூட்டையைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார். அதைத் தூக்கம் என்று சொல்ல லூர்துசெல்விக்கு மனசு வரவில்லை. சேலத்து டாக்டர் ஊசியெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில், "இன்னும் ரெண்டு சீசன் அந்த அடுப்புகிட்ட நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அடுப்பை விட்டுவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு எஸ்டேட் கொடுக்கிற லைன் வீடும் இல்லை. கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த அவள் அண்ணன் வந்து இருக்கச் சொன்னான். சிங்கராயர் கேட்கவே இல்லை.

"கீழ எறங்குனா வெயில்லயே நான் செத்துருவேன் செல்வி. எப்படியும் சாவறதுதான, இங்கயே குளுகுளுன்னு சாவறேன்" என்பார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

அவள் வேளாங்கண்ணி மாதாவிடம் நகையோ நட்டோ கேட்கவில்லை. இந்த மனுஷன் காலை நீட்டி, படுத்து, ஒரு தூக்கம் தூங்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

இந்த நிலைமையில்தான் ரைட்டர் கந்தசாமி ஒருநாள் சேலத்திலிருந்து ஒரு சேதியோடு பஸ் ஏறி வந்தார். எஸ்டேட் கணக்கு எழுதுகிற மனிதர், ஊர் அம்மாபேட்டை. காலையில் ஒரு விஷயம் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி பேசத் தொடங்கிவிடுவார். முதலாளியோடு ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்தவர், டிரையர் கொட்டகையில் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார்.

"ஒலகம் பூரா தொழிற்சாலைக விடற பொகையில பூமி சூடாவுதாம். இப்படியே போனா கடலே பொங்கி வந்துருமாம். அதுக்காவ, யாரு பொகையக் கொறைக்கறாங்களோ அவங்களுக்கு அரசாங்கமே மானியம் குடுக்குது."

"ஏனுங்க ரைட்டரே, பூமி சூடாவுதுங்கறீங்க, இங்க எங்களுக்குக் காலு வெறைச்சுக் கெடக்குது" என்றாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்பமேரி. "அந்தச் சூட்டுல கொஞ்சம் இந்தப் பக்கமும் அனுப்பச் சொல்லுங்க."

கொட்டகையே சிரித்தது. சிங்கராயரும் சிரித்து, இருமி, தூணைப் பிடித்துக்கொண்டார். லூர்துசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. புகையைக் குறைக்கிறார்கள் என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். காப்பி கழுவிய தண்ணீரும் பழத்தோலும் அதுவரை ஓடையில்தான் போய்க்கொண்டிருந்தன. அந்த நாற்றம் வளைவு ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்கூட வரும். அதையெல்லாம் ஒரு தொட்டியில் விட்டு மூடி வைத்தால், உள்ளே அழுகி வாயு வரும். அந்த வாயுவைக் குழாயில் கொண்டுபோய் டிரையருக்கு அடியில் எரிக்கலாம். விறகு வேண்டாம், புகை இல்லை. தொட்டி கட்ட ஆகும் செலவில் அரசாங்கம் ஒரு பங்கு முன்னால் கொடுக்கும். மிச்சத்தை, ஆபீசர் நேரில் வந்து நெருப்பு எரிவதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுக்கும்.

முதலாளி சேலத்தில் இருந்தார். மோசமானவர் என்று சொல்ல முடியாது, கொடுக்கக் கை நீளாதவர். "தொட்டியக் கட்டறேன். ரெண்டாவது பங்கு வந்தாத்தான் டிரையருக்கு கேஸ் பர்னர் வாங்குவேன். வரலீன்னா பழையபடி வெறகுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பர்னர் வந்தால் குழாயைத் திருகி மூட ஒரு ஆள் வேண்டும், அது சிங்கராயர்தான் என்பதையும் ரைட்டர் அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்காகவே கந்தசாமியின் மற்ற எல்லாப் பேச்சையும் லூர்துசெல்வி மன்னித்துவிட்டாள்.

தொட்டி கட்டி முடித்தார்கள். கிணறு மாதிரி ஒரு வட்டக் குழி, அதன் மேல் கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்பு மூடி. உள்ளே வாயு சேரச் சேர மூடி மேலே எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும். பழம் உரிக்கிற பல்ப்பர் கொட்டகையிலிருந்து ஒரு வாய்க்கால் நேரே அதற்குள் போயிற்று. தை மாசம் முதல் முறை சின்ன அடுப்பில் பற்றவைத்தபோது நீல நிறத்தில் எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாசிக் கடைசியில் சீசன் முடிந்தும், குவித்து வைத்த பழத்தோலைத் தினம் கரைத்து ஊற்றித் தொட்டியை உயிரோடு வைத்திருந்தார் சிங்கராயர். காலையில் எழுந்ததும் மூடி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று போய்ப் பார்ப்பது அவருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

மார்ச் நடுவில் மெட்ராஸிலிருந்து ஆபீசர் வருகிறார் என்று தந்தி வந்தது. மார்ச் முடிந்தால் அந்த வருஷத்துப் பணம் திரும்பிப் போய்விடும், அதற்குள் பார்த்தாக வேண்டுமாம்.

நம் பக்கத்தில் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் என்ன செய்வார்கள்? பிஷப் வந்தாலும் சரி, கலெக்டர் வந்தாலும் சரி, ரோட்டோரம் சுண்ணாம்புக் கோடு, சாக்கடைக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர். அந்த வாசனை மூக்கில் ஏறினால்தான் வருகிறவருக்கு மரியாதை செய்த மாதிரி நமக்கே ஒரு நிறைவு. லூர்துசெல்வி பஞ்சாயத்து ஆபீசுக்கே போய் ஒரு மூட்டை பவுடர் கேட்டு வாங்கி வந்தாள். இன்பமேரியையும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு பல்ப்பர் கொட்டகைத் தரையை, பழம் கழுவுகிற தொட்டியை, வாய்க்காலை எல்லாம் தேய் தேய் என்று தேய்த்து, பவுடரை அள்ளி அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். புருஷனுக்காக ஒரு வேலை செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் அவளுக்கு இடுப்பு வலிகூடத் தெரியவில்லை. கழுவிய தண்ணீர் அத்தனையும் வாய்க்கால் வழியாக நேரே கேஸ் தொட்டிக்குள் போயிற்று. வேறு எங்கே போகும், வாய்க்காலே அதற்குத்தானே வெட்டியது!

ரைட்டர் வேறு, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூட்டிவந்து, "பாருங்க, வெறகே இல்லாம நெருப்பு" என்று எரித்துக் காட்டி, சேர்ந்திருந்த வாயுவையெல்லாம் தீர்த்துவிட்டார். மூடி இறங்கியது. மறுநாள் எழும்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "குளுருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் ரைட்டர். சிங்கராயர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து வெளுத்துப்போன முகம். காப்பி குடித்துவிட்டு, "காட்டுங்க" என்றார். சிங்கராயர் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தார். புஸ் என்று ஒரு சத்தம். குச்சிதான் அணைந்தது. இன்னொன்று. மற்றொன்று. ரைட்டர் சுவாமி படத்துக்கு முன் நிற்கிற மாதிரி கைகட்டி நின்றார்.

ஆபீசர் தொட்டியின் ஓரமாகப் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். "இதுல யாருங்க பிளீச்சிங் பவுடர் போட்டது?"

  லூர்துசெல்வி முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க சாமி. நீங்க வாறீங்கன்னு… சுத்தமா இருக்கட்டும்னு."

அந்தப் பிள்ளை அவளைக் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்தார். "அம்மா, உள்ள இருக்கற கிருமிதாம்மா கேஸ் பண்றது. சாக்கடைல கிருமி சாகறதுக்குப் போடறதை அதுல கொட்டிட்டீங்களே" என்றார்.

"அதுக்கு வழியே இல்லீங்களா?"

"பாதித் தொட்டிய எறைச்சு வெளிய ஊத்திட்டு, புதுசா மாட்டுச் சாணி நெறைய கரைச்சு ஊத்தினா திரும்ப உயிர் வரலாம். ஒண்ணு ரெண்டு கூடை இல்ல, வண்டிக் கணக்குல வேணும். தினமும் வேணும்." கொஞ்சம் யோசித்தார். "நான் கோயமுத்தூர் போயிட்டு மாசக் கடைசில திரும்பறேன். அன்னிக்கி எரிஞ்சா எழுதிடறேன். எரியலேன்னா எங்கிட்ட கேக்காதீங்கம்மா, எரியாததை எரிஞ்சதுன்னு எழுத எனக்கு வராது."

நல்ல பிள்ளை. ஆனால் சாணிக்கு எங்கே போவது? எஸ்டேட்டில் ஒரு மாடு கிடையாது, முதலாளி உத்தரவு. காப்பிச் செடியைக் கடித்துவிடுமாம். ஏற்காடு டவுனில் பால்காரர்கள் நாலு பேர், அவர்கள் சாணி அவர்கள் வறட்டிக்கே போதாது. மாடு என்று மந்தை மந்தையாக இருந்தது எஸ்டேட்டுக்கு மேலே, மலைக்காரர்கள் ஊரில்தான். அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் எஸ்டேட்டுக்காரர்கள் எப்படி முழிப்பது? வேலி தாண்டி உள்ளே வந்த மாட்டையெல்லாம் வாட்ச்மேன் வருஷக்கணக்காகப் பிடித்துப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு வீட்டுச் செவலைப் பசுவை, கன்றுக்குட்டி வீட்டில் கத்திக்கொண்டிருக்க, பட்டியில் போட்டதில் பால் கட்டி மடியே கெட்டுப்போயிற்று.

"போவாத செல்வி. என்ன மொகத்த வெச்சுட்டுக் கேப்ப?" என்றார் சிங்கராயர்.

"மொகம் எதுக்குங்க, வாயில கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மலையேறினாள்.

ஊருக்குள் நுழையும்போதே வேப்பிலைத் தோரணம். மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். ஐயாக்கண்ணு மஞ்சள் துணி கட்டிய கையோடு தினை புடைத்துக்கொண்டிருந்த மனைவி அத்தாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அத்தாயி முறத்தை நிறுத்தினாள்.

"ஏம்புள்ள, எங்க மாடு உங்களுக்கு ஆவாது. சாணி மட்டும் ஆவுமா?"

லூர்துசெல்வி மோரைக் கீழே வைத்தாள். ஐயாக்கண்ணுதான் சொன்னார்: "அது போவுது. காப்புக் கட்டியாச்சும்மா. பண்டிகை முடியற வரைக்கும் எங்கூட்டு உப்பு, நெருப்பு, சாணி ஒண்ணும் ஊரெல்லை தாண்டாது. எங்கப்பங் காலத்துல இருந்து அப்படித்தான். அத மீறச் சொல்லாத."

"பண்டிகை எப்பங்க முடியுது?"

"சித்திரை பொறந்து."

சித்திரை பிறந்தால் மார்ச் எங்கே இருக்கும்! அவள் எழுந்திருக்க நினைத்தாள். எழ முடியவில்லை. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த வாசலில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். பூமி சூடாவது எனக்குத் தெரியாது, அரசாங்கத்துக் காசும் எனக்கு வேண்டாம், என் வீட்டுக்காரர் மூணு வருஷமாக உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார், படுத்தால் மூச்சு இல்லை, விறகு அடுப்பை மறுபடி பற்றவைத்தால் அந்த உட்கார்ந்த தூக்கமும் இல்லாமல் போய்விடும் என்று சொன்னாள். பிளீச்சிங் பவுடரை என் கையாலேயே அள்ளிப் போட்டேன் என்று சொன்னபோதுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

அத்தாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "குந்திக்கிட்டேவா?" என்று கேட்டாள். "அய்யோ, ஆண்டவனே" என்று மெதுவாகச் சொல்லிப் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, சாணிதான தாண்டப்படாது. மாடு தெனமும் மேய்ச்சலுக்குத் தாண்டிப் போவுதே, அத அம்மன் என்ன கேட்டுட்டா இருக்குது?"

ஐயாக்கண்ணு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஊர்க்கவுண்டர் அல்லவா, உடனே சொல்லிவிட முடியுமா? கடைசியில், "மாடு மேயப் போற எடத்துல சாணி போட்டா அதுக்கு நாங்க பொணை இல்ல" என்றார். பிறகு, "ஆனா உங்க கேட்டு?" என்று கேட்டார்.

அந்தக் கேட்டின் சாவி ரைட்டர் மடியில் இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கந்தசாமி வேர்த்துப் போனார். இருபது வருஷத்துக்கு மேலான உத்தியோகம், மூன்று பெண் குழந்தைகள்.

"மொதலாளி கேட்டா என்னம்மா சொல்றது? காப்பித் தோட்டத்துக்குள்ள மாட்டை உட்டேன்னு சொல்லவா?"

"அரசாங்கத்து ஆபீசர் சாணி வேணும்னு சொன்னாருன்னு சொல்லுங்க. பொய் இல்லீங்களே."

ரைட்டர் டிரையர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிங்கராயர் வாசல் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வருஷம் எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். கந்தசாமி மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். வாய் ஓயாத அந்த மனிதர் பேசாமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று லூர்துசெல்வி பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாள் காலை பனிக்குள்ளிருந்து மணிச் சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் கொம்புகள். பிறகு மாடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, வெள்ளை, செவலை, மயிலை, கன்றுகள் பின்னால் ஓடிவர. எந்தக் கேட்டில் வாட்ச்மேன் கம்போடு நின்று விரட்டுவானோ அதே கேட்டில் அவன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். சில்வர் ஓக் மரங்களுக்கடியில் மாடுகள் பரவிக்கொண்டன. அங்கங்கே காப்பிச் செடியையும் கடித்துப் பார்த்தன, பிடிக்காமல் துப்பின. முதலாளி இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தார் என்றுதான் தெரியவில்லை!

பெண்கள் கூடையோடு மாடுகளின் பின்னால் திரிந்தார்கள். வாலைத் தூக்கினால் போதும், நாலு பேர் ஓடுவார்கள். "இது எங்கது, நாந்தான் மொதல்ல பாத்தேன்" என்று இன்பமேரி சண்டை பிடிப்பாள். அந்தக் குளிரில் சூடான சாணியைக் கையில் அள்ளுவது சுகமாகத்தான் இருந்தது. பாதித் தொட்டியை ஏற்கெனவே இறைத்துவிட்டிருந்தார்கள். சாணியைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார்கள். வாசம் தாங்காமல் மூக்கைப் பொத்தியபடி ரைட்டரும் ஒரு கூடை தூக்கினார், அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டோடு கூடவே வந்த அத்தாயி வேலியோரம் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். கூடையைத் தொட மாட்டாள், காப்பு இருக்கிறதே. ஆனால் எந்த மாடு எங்கே போட்டிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டுவாள். லைன் வீட்டுப் பெண்களுக்கும் மலைக்காரப் பெண்களுக்கும் அதுவரை பேச்சு வார்த்தையே கிடையாது. அந்த நாட்களில் பேசியதையெல்லாம் இப்போதும் லூர்துசெல்வி சொல்லுவாள். வேலிக்கு அந்தப் பக்கமும் புருஷன்மார் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததில் எல்லோருக்கும் ஒரு ஆறுதல்.

மூடி எழும்பவில்லை. ஒரு வாரம் போயிற்று, எழும்பவில்லை. சிங்கராயர் காலையில் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஜபம் முடிந்ததும், "செல்வி, உங்கண்ணனுக்கு ஒரு கடுதாசி போட்டுரு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் அவளுக்கு உலகமே இருண்டு போயிற்று. கூடையை எடுத்துக்கொண்டு மாடுகளுக்குப் பின்னால் போனாள். போடுகிற சாணியைப் போட்டுக்கொண்டே இருப்போம், அப்புறம் மாதா பாடு.

ஆபீசர் வருவதற்கு முன்தினம் காலையில் இன்பமேரிதான் கத்தினாள். மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, ஒரு சாண் உயரத்துக்கு, அரை மனசாக எழும்பியிருந்தது. யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. ரைட்டரை மட்டும், தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்று பெண்கள் சேர்ந்து உத்தரவு போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஆபீசர் இறங்கியதும் காப்பிகூட வேண்டாம் என்று நேராகத் தொட்டிக்கு வந்தார். சிங்கராயர் குழாயைத் திறந்தார். முதல் குச்சி அணைந்தது. லூர்துசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது குச்சியின் உரசல் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், எல்லோரும் அடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எரிகிறதா இல்லையா என்று வெயிலில் தெரியவில்லை. ஆபீசர் கையை மேலே நீட்டி, சட்டென்று பின்னுக்கு இழுத்து, விரலை உதறினார்.

"சுடுது" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எரியுதுங்க. நல்லாவே எரியுது."

அந்த நெருப்பிலேயே காப்பி போட்டு அவருக்குக் கொடுத்தார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மானியம் வந்தது, ஐப்பசியில் பர்னர் வந்தது. வெள்ளைக்காரன் புகைபோக்கியில் குருவி கூடு கட்டியது. முதல் சில நாட்கள் பெண்களுக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. புகை இல்லாத கொட்டகை யாரோ இறந்த வீடு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது என்றார்கள், தணல் இல்லாமல் கிழங்கை எதில் சுடுவது என்றார்கள். லூர்துசெல்விக்கும் அது மனசை என்னவோ செய்தது. தன் இளவயசையே யாரோ கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சிங்கராயர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டது. ஆனாலும் தூங்குவதென்னவோ சுவரில் சாய்ந்துதான். பழகிவிட்ட உடம்பு, கீழே போக அதற்கே பயம்.

தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டு, டிரையரை இன்பமேரியிடம் விட்டுவிட்டு சிங்கராயர் வீட்டில் இருந்தார். லூர்துசெல்வி வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது ரைட்டர் கந்தசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லைன் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"லூர்து! சிங்கராயர் எங்க? மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசருங்க வந்திருக்காங்க! மானியம் குடுத்த எடத்தையெல்லாம் பாக்கறாங்களாம். பலன் அடைஞ்ச ஆளு யாரு, கூப்புடுங்கறாங்க. சீக்கிரம் சட்டையைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு உயிரே போய்விட்டது. பிறகு பார்த்தாள். தரையில் பாயில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை தலைக்கடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சீராக, சத்தமில்லாமல். அவள் குனிந்து, மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். மூச்சு கையில் பட்டது. அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"எழுப்ப மாட்டேனுங்க" என்றாள்.

"என்னம்மா வெளையாடற? பெரிய ஆபீசருங்க…"

"மெதுவாப் பேசுங்க ரைட்டரே. அவரு படுத்திருக்காருங்க." சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. "படுத்துத் தூங்கறாருங்க."

 பின்னாலேயே ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர், கூடவே அந்தக் கண்ணாடிப் பிள்ளை. "இவங்க வீட்டுக்காரர்தான் சார்" என்று ரைட்டர் கிசுகிசுத்தார். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் பெரியவர்.

"நல்லா இருக்காருங்க" என்றாள் லூர்துசெல்வி. "நாலு வருசங் கழிச்சு இன்னிக்கித்தான் படுத்திருக்காருங்க. கோவிச்சுக்காதீங்க சாமி, எந்திரிக்கற வரைக்கும் இருக்கணுமுங்க."

கண்ணாடிப் பிள்ளை திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நெருப்பைக் குனிந்து பார்த்த மாதிரியேதான் பார்த்தார். பிறகு திரும்பி வந்து பெரியவர் காதில் என்னவோ சொன்னார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்று ரைட்டர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லூர்துசெல்வி சத்தமில்லாமல் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் அந்தச் சாயங்காலம் பனி இறங்குகிற வரைக்கும் காத்திருந்துதான் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.